பழைய கொப்பியை எரிக்கும் முன் ஒரு நிமிடம்



தவணைப் பரீட்சை வினாத்தாளுக்குக் காசு கேட்டு வீட்டுக்குப் போன துண்டைப் பற்றி இந்தக் கிழமை பெற்றார் குழுக்களில் நிறையப் பேசிவிட்டீர்கள். மூன்று பிள்ளைகள் படிக்கிற வீட்டுக்கு அது சின்னக் காசு இல்லை. அந்தக் கோபம் நியாயம்தான், கேட்க வேண்டிய கேள்வியும்தான். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு சகோதரர், "இந்தியாவில இருந்து பேப்பர் எடுக்கிறத நிப்பாட்டி வாழைச்சேனைய ஒழுங்கா நடத்தினா எல்லாம் சரி" என்று எழுதியிருந்தார். லைக் குவிந்தது. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை.

2022 மார்ச்சை மறந்திருக்க மாட்டீர்கள். டொலர் இல்லை, கடதாசி வரவில்லை. மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். சில பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. நாங்கள் கரும்பலகையில் வினா எழுதிப் பிள்ளைகளைக் கொப்பியில் விடை எழுதச் சொன்னோம். பின் வரிசையில் கண் பார்வை குறைந்த பிள்ளைகள் பட்ட பாடு தனிக்கதை. அடுத்த கல்வியாண்டுக்கான பாடநூல்களில் 45 சதவீதம், இந்தியா தந்த 100 கோடி டொலர் கடன் வசதியில் எடுத்த கடதாசியிலும் அச்சுப் பொருட்களிலும் அடிக்கப்பட்டவை. அன்று அதை நிப்பாட்டியிருந்தால் பிள்ளைகளின் கையில் எதைக் கொடுத்திருப்போம்?

வாழைச்சேனை எங்கள் பெருமை. ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் கருக்கொண்ட ஆலை அது. காங்கேசன்துறைக்கு சீமெந்து, பரந்தனுக்கு இரசாயனம், வாழைச்சேனைக்குக் கடதாசி. வயல் வைக்கோல்தான் மூலப்பொருள். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே சைரன் சத்தத்துக்கு வேலைக்குப் போன இடம். யுத்தம் அதைச் சாய்த்தது உண்மை. ஆனால் யுத்தம் மட்டும் காரணமில்லை. வைக்கோலில் சிலிக்கா அதிகம். கூழாக்கப் பாவித்த இரசாயனத்தைத் திரும்ப எடுப்பது கஷ்டம், செலவும் கூட, கழிவு நீரும் பிரச்சினை.

அக்கரையில் என்ன செய்தார்கள்? கரூர் மாவட்டம் புகளூரில் தமிழ்நாடு அரசின் காகித ஆலை கரும்புச் சக்கையில் ஓடுகிறது. சீனி ஆலைகள் அந்தச் சக்கையைத் தங்கள் கொதிகலனில் எரித்துக்கொண்டிருந்தன. அவர்களுக்கு வேறு எரிபொருளைக் கொடுத்துச் சக்கையைக் கடதாசி ஆலைக்கு எடுத்தார்கள். கெட்டித்தனம் அதுதான். அடுத்தவன் எரிக்கிறதை விலை பேசி வாங்கியது.

நாங்கள் எரிக்கிறது என்ன? டிசம்பரில் வீட்டு முற்றத்தில் புகைவது போன வருடக் கொப்பிகள். எரிக்காததைப் பழைய சாமான் வாங்க வருகிறவர் அடிமாட்டு விலைக்கு எடுக்கிறார். அதில் ஒரு பங்கு கொள்கலன் ஏறி இந்தியாவுக்கே போகிறது. இங்கிருந்து குப்பையாகப் போவதும் கடதாசி, அங்கிருந்து டொலருக்கு வருவதும் கடதாசி. இரண்டு விலைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைத்தான் நாங்கள் வினாத்தாள் காசாகக் கட்டுகிறோம் என்று சொன்னால் அது முழுக் கணக்கு இல்லை, ஆனால் கணக்கில் ஒரு பகுதி. தேயிலைக்கும் ஆடைக்கும் வேண்டிய பெட்டி அட்டைக்கும் இதே கதைதான்.

வைக்கோலுக்குத் திரும்ப முடியாத ஆலைக்கு இனிப் பழைய கடதாசிதான் தீனி. தீனி இல்லாமல் ஆலையை ஓட்டு என்று கத்துவது மாட்டை வாங்கிவிட்டுப் புல்லை மறந்த கதை. அப்படி ஓட்டினாலும் பாடநூலுக்கு வேண்டிய வெள்ளைத் தாள் இந்தியாவில் இருந்தோ இந்தோனேசியாவில் இருந்தோ வரத்தான் செய்யும். பெட்டி அட்டையிலாவது கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் என்பதுதான் எங்கள் ஆசை.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். இஸ்லாம், அரபுப் பாடநூல்களில் ஆயத்துகள் இருப்பதால் பலர் அவற்றைப் போடவும் மனமில்லாமல், வைத்திருக்கவும் இடமில்லாமல் பரணில் அடுக்கி வைத்திருக்கிறீர்கள். அவற்றைக் கொப்பிகளோடு கலக்க வேண்டாம். பள்ளிவாசல் ஆலிம்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதுபோல் செய்யுங்கள். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அந்தப் பிரச்சினை இல்லை. வடை சுற்றிய எண்ணெய்த் தாளும் வேண்டாம், அது கூழுக்கு ஆகாது.

இந்தத் தவணை முடிவில் எழுதி முடித்த கொப்பிகளை ஈரம் படாமல் கட்டி, பிள்ளையிடம் பாடசாலைக்குக் கொடுத்து விடுங்கள். ஒரு வீட்டுக் கொப்பிக்குப் பேரம் பேச முடியாது, ஒரு பாடசாலையின் கொப்பிக்கு முடியும். நிறுத்த நிறையும் விற்ற காசும் எவ்வளவு என்று அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுதி ஒட்டுவோம். அந்தக் காசு அடுத்த தவணை வினாத்தாளுக்குப் போகும். மிச்சத்துக்குத்தான் துண்டு வரும்.