ஊசி போட்ட கையோடு அனுப்பிவிடாதீர்கள்

ஒன்றரை வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் வருகிறாள். "ஆம்பளப் பிள்ள லேட்டாத்தாம்மா பேசும், போகப் போகச் சரியாயிடும்" என்று அவளைத் திருப்பி அனுப்புகிற மருத்துவர்களை வன்மையாகக் கண்டிக்கிறோம். வீட்டுப் பெரியவர்கள் அப்படித் தேற்றுவதையும், நாக்கில் வசம்பு தடவிப் பார்ப்பதையும் புரிந்துகொள்ள முடிகிறது. மருத்துவம் படித்தவர் அதையே சொல்வது கடமை தவறுதல்.

கவனிக்க வேண்டியவை ஒன்றும் பரம ரகசியம் அல்ல. 9 மாதத்தில் பெயர் கேட்டுத் திரும்ப வேண்டும். ஒரு வயதில் டாட்டா காட்டுவது, கை நீட்டித் தூக்கச் சொல்வது போன்ற சைகைகள் வந்திருக்க வேண்டும். 16 மாதத்தில் பொருள் தெரிந்து ஒரு சொல்லாவது பேச வேண்டும். 2 வயதில் "அம்மா வா", "பால் தா" என்று கோத்துப் பேச வேண்டும். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை இழந்தால், எந்த வயதானாலும், ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

இவற்றில் ஒன்று தவறினாலே ஆட்டிசம் என்று முடிவு கட்டிவிட முடியாது. காது கேளாமல் இருக்கலாம். அதற்குப் பிறந்த 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை என்று உலகெங்கும் மருத்துவர்கள் ஏற்ற கணக்கு இருக்கிறது. தைராய்டு குறைபாடாகவும் இருக்கலாம். பிறவியிலேயே அதன் சுரப்பு குறைவாக இருந்தால் முதல் சில வாரங்களிலேயே மாத்திரை தொடங்க வேண்டும். விட்டுவிட்டால் அறிவு வளர்ச்சிக்கு நேரும் இழப்பைப் பின்னால் ஈடுகட்ட முடியாது. "பொறுத்துப் பாருங்கள்" என்ற சொல்லின் விலை இதுதான்.

அரசுக்கும் இது தெரியாததல்ல. தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013இலேயே வந்துவிட்டது. அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு போக வேண்டும். வளர்ச்சிக் குறைபாடு தெரிந்தால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். ஒன்றிய அரசு வகுத்த தாய்-சேய் பாதுகாப்பு அட்டையில் வளர்ச்சிப் படிகள் படத்தோடு அச்சிடப்பட்டுள்ளன. 9 மாதத்திலும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் பிள்ளை தடுப்பூசிக்கு வருகிறது. வளர்ச்சியைப் பற்றிக் கேட்க வேண்டிய வயதும் அதுவே! எடை பார்க்கிறார்கள், ஊசி போடுகிறார்கள், அடுத்த தேதியைச் சொல்கிறார்கள். பிள்ளை பேசுகிறதா என்ற கேள்வி மட்டும் பல இடங்களில் எழுவதேயில்லை.

கிராம சுகாதாரச் செவிலியரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டோம். ஒரு புதன்கிழமையில் அவர் எத்தனை பிள்ளைகளுக்குத்தான் ஊசி போடுவார்? அவருக்குப் பயிற்சியும் உதவிக்கு ஓர் ஆளும் தராத நிர்வாகமே பதில் சொல்ல வேண்டும். "போனைக் கையில் கொடுத்துக் கெடுத்துட்டே" என்று தாயையே குற்றவாளியாக்கும் பேச்சு மருத்துவமனைக்குள் அறவே கூடாது. முதலில் கவனித்தவளே அவள்தான்.

9 மாதத்திலும் 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் வரும் இரண்டு தடுப்பூசி வருகைகளிலும் தாய்-சேய் அட்டையின் வளர்ச்சிப் பக்கத்தை நிரப்பிக் கையெழுத்திட்ட பிறகே பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஐயம் இருந்தால் அன்றைக்கே பரிந்துரைச் சீட்டும் செவித்திறன் பரிசோதனைக்கான தேதியும் தர வேண்டும். இடையீட்டு மையங்களில் பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் பணியிடம் எதுவும் காலியாகக் கிடக்கக் கூடாது. எத்தனை பிள்ளைகள் அனுப்பப்பட்டார்கள், எத்தனை பேருக்குப் பயிற்சி தொடங்கியது, எத்தனை நாள் காத்திருந்தார்கள் என்ற கணக்கை மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். சுகாதாரத் துறைச் செயலர் அதை உடனே பிறப்பிக்க வேண்டும்.