ஃபார்மட் அடிக்கும் முன்...

"அண்ணா, டிஸ்க்கே காணோம்ங்ணா! ஃபார்மட் அடிச்சிரலாமா?"

நம் லேபில் அடிக்கடி கேட்கும் குரல் இது. கேட்பவன் ஜூனியர், "அடிச்சிரு" என்று தலையாட்டுபவர்கள் சீனியர்களாகிய நாம்! சென்ற ஆண்டு நானும் அப்படித் தலையாட்டினேன். போனது ஒரு நண்பனின் ஆறு மாத புராஜெக்ட்!

நடந்தது இதுதான். அந்த மெஷினில் கூடுதலாக இருந்த ஒரு ஹார்டு டிஸ்க்கை யாரோ கழற்றிவிட்டார்கள். லினக்ஸின் எஃப்எஸ்டேப் கோப்பில் மட்டும் அதன் வரி அப்படியே இருந்தது. மெஷினைப் போட்டதும் லினக்ஸ் ஒன்றரை நிமிடம் அந்த டிஸ்க்கைத் தேடியது, கிடைக்கவில்லை. 'எமர்ஜென்ஸி மோடு' என்று நின்றுவிட்டது. ரூட் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய், அந்த ஒரு வரிக்கு முன் ஒரு ஹேஷ் குறி போட்டிருந்தால் போதும். நாங்களோ இருந்த நல்ல டிஸ்க்கையும் அழித்தோம்! காப்பி எடுத்து வைக்காதது அவன் தப்பு. திரையில் வந்ததைப் படிக்காதது எங்கள் தப்பு.

தமிழக அரசு 2011-ல் விலையில்லா லேப்டாப் தந்தபோது, விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. விண்டோஸை மறுபடி ஏற்றியவர்கள் "பாஸ் அழிஞ்சு போச்சு" என்றார்கள். அதன் பார்ட்டிஷனைத் தொடாதவரை அது அழியவில்லை நண்பர்களே! வழிகாட்டும் கிரப் இருந்த இடத்தில் விண்டோஸ் தன்னை எழுதிக்கொண்டது, அவ்வளவுதான். கிரப்பை மீண்டும் பதித்தால் பாஸ் வந்துவிடும். நாமோ பாலம் தாண்டி ஈரோட்டுக் கடைக்கு ஓடினோம். அங்கும் ஃபார்மட்தான்!

பெயரை நம்பியும் ஏமாறக்கூடாது. 2007 வாக்கில் பல லினக்ஸ்களில் 'எச்டிஏ' என்ற டிஸ்க் 'எஸ்டிஏ' ஆனது. பழைய பெயரை எழுதி வைத்திருந்த மெஷின்கள் தடுமாறின. இன்னொரு டிஸ்க்கைச் சேர்த்தாலே எஸ்டிஏ, எஸ்டிபி ஆகலாம். ஒரே தெருவில் நாலு பழனிச்சாமி இருந்தால் ரேஷன் கார்டு எண்ணைத்தானே கேட்போம்? அதுபோல ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் யுயுஐடி என்ற தனி எண் உண்டு. அதை எழுதுங்கள்.

முதலில் பயாஸில் டிஸ்க் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் கேபிளையோ டிஸ்க்கையோ சந்தேகப்படுங்கள். தெரிந்தால் லைவ் பென் டிரைவில் ஏறி, 'பிஎல்கேஐடி' கட்டளை காட்டும் எண்ணையும் எஃப்எஸ்டேபில் உள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை!

நம் பள்ளிபாளையத்து விசைத்தறியில் பாவில் ஒரு இழை அறுந்தால், தறிக்காரர் தறியை நிறுத்தி, அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுகிறார். பாவையே அறுத்தெறிகிறாரா?

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: லினக்ஸ் ஏற்றக் கற்றுத் தருகிறீர்கள், நன்றி. பருவத்துக்கு ஒருமுறை ஒரு மெஷினை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு, "சரி பண்ணுங்கடா" என்று எங்களிடம் விடுங்கள். அழிக்கத் தெரிந்தவன் டெக்னீஷியனா, சரிசெய்யத் தெரிந்தவனா?

சிந்திப்போம் நண்பர்களே!

— மூன்றாமாண்டு மாணவன், கணினிப் பிரிவு