வழிவிட வேண்டியது யார்?

திருவண்ணாமலை என்றால் அநேகருக்குக் கார்த்திகைத் தீபந்தான் ஞாபகத்திற்கு வரும். நாம் இங்கு சொல்வது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலுள்ள திருவண்ணாமலையை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அந்த மலைப் பெருமாளைப் பார்க்க ஜனங்கள் கூட்டங்கூட்டமாய்ப் போகிறார்கள். அவர்கள் போவது புத்திசாலித்தனமா அல்லவா என்கின்ற விவகாரத்தை இன்று எடுத்துக்கொள்ளவில்லை. சாமி மலைமேல் பத்திரமாய்த்தான் இருக்கிறார். ரோட்டில் நடக்கும் மனிதனைப் பற்றியே நமக்குக் கவலை.

மில்லுக்குப் போகும் தொழிலாளியும் பள்ளிக்கூடம் போகும் பெண்ணும் சைக்கிளில் வருவதும் ரோட்டில்தான். நடுவை மோட்டார்கள் எடுத்துக்கொண்டபின், மிச்சமான ஓரத்தில் நடப்பவனும் சைக்கிள்காரனும் மோதிக்கொள்ளுகிறார்கள். "கண் தெரியவில்லையா?" என்பான் ஒருவன். "மணியடிக்கத் தெரியாதா?" என்பான் மற்றவன். அடுத்தபடியாக, "நீ எந்தத் தெரு?" என்ற கேள்வி கிளம்பும். இந்த மூன்றாவது கேள்விதான் கவனிக்கத்தக்கது.

ஏனெனில், நமது நாட்டில் வழிவிடுவதென்பது ஜாதி மரியாதையாகவே இருந்து வந்திருக்கின்றது. 1924-25இல் வைக்கத்தில் போராட்டம் நடந்தது கோயிலுக்குள் நுழைய அல்ல. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கே. பின்பு சைக்கிள் வந்தது. மேல்ஜாதித் தெரு வந்தால் கீழ்ஜாதியான் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போகவேண்டுமென்று கட்டுப்பாடு செய்த கிராமங்கள் பல. "அதெல்லாம் பழங்கதை" என்பவர்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் வருஷத்திய திருத்தத்தைப் படித்துப் பார்க்கட்டும். தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினர் பொது இடத்தில் சைக்கிளில் போவதைத் தடுப்பது குற்றமென்று அதில் தனியாக எழுதியிருக்கிறார்கள். இல்லாத நோய்க்கு மருந்து எழுதுவார்களா?

அப்படியானால் யாருக்கும் யாரும் வழிவிட வேண்டாமென்பதா நமது அபிப்பிராயம்? இல்லை. யாரால் யாருக்கு அடிபடுமோ, அவரே அவருக்கு வழிவிடவேண்டும். லாரி சைக்கிளுக்கும், சைக்கிள் நடப்பவருக்கும், நடப்பவர்களில் திடமானவர் கிழவருக்கும் குழந்தைக்கும் விலகட்டும். கூட்டம் நெருங்கினால் ஜமீன்தார் பேரனும் இறங்கித் தள்ளட்டும். தெரு காலியாயிருந்தால் சேரிப் பிள்ளையும் தாராளமாய் ஏறிப் போகட்டும். இதுவே பகுத்தறிவுக்கு ஒத்த மரியாதை.

சைக்கிள்காரர் தூரத்திலேயே மணியடிக்க வேண்டும். காதருகில் வந்து அடிப்பது எச்சரிக்கையல்ல, மிரட்டல். ஒரு கை அகலம் விட்டுத் தாண்ட வேண்டும். இரவில் விளக்கு வேண்டும். நடப்பவர்கள் நாலுபேர் கைகோத்து வழியை அடைக்கக்கூடாது. நடைபாதையில்லாத ரோட்டில் வலதுபக்கம் நடந்தால் எதிரே வருகிற வண்டியைக் கண்ணால் பார்க்கலாம். முதுகுக்குக் கண் கிடையாது. இரவில் வெள்ளை வேஷ்டியும் ஒரு டார்ச்சும், நெற்றியிலிடும் நாமத்தைவிட அதிகமாய் உயிரைக் காப்பாற்றும்.

சர்க்காரையும் கேட்கிறோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாய்ச் சைக்கிள் கொடுத்தீர்கள், சந்தோஷம். அதை ஓட்ட வழி எங்கே? தகுந்த நடைபாதை பெறுவது ஜனங்களின் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்ததென்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆடிப்பூரத் தேர் ஓட ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதிகள் இருக்கின்றன. தேருக்கு வீதி விட்ட நாட்டில், தினமும் நடக்கும் மனிதனுக்கு நாலடிப் பாதை விட இடமில்லையென்றால் யார் நம்புவார்கள்?

அதுவரையில், அடிபட்டவனைப் பார்த்துத் "தலைவிதி" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அவனுக்கு யார் வழிவிடத் தவறினார் என்று கேளுங்கள்.