மேசை மலை ஏறுவோர் கவனத்திற்கு

கேப் டவுன் செல்லும் அன்பர்கள் தவறாமல் காண விரும்புவது மேசை மலை. நகரத்தின் நடுவே, வீடுகளுக்கு மேலே சுவர்போல நிமிர்ந்து நிற்கும் இம்மலையின் உச்சி கூர்மையாக இல்லாமல் சுமார் 3 கிலோமீட்டர் அகலத்திற்குச் சமதளமாக இருக்கிறது. உயரமான இடம் கடல் மட்டத்திலிருந்து 1,086 மீட்டர். உயரத்தால் தலைசுற்றலும் மூச்சுத் திணறலும் உண்டாக இது போதாது. ஆகவே “சிறிய மலைதானே, காலையில் ஏறி மதியம் இறங்கிவிடலாம்” என்று பலரும் நினைக்கின்றனர். ஆபத்து அந்த நினைப்பில்தான் தொடங்குகிறது.

மலையும் மக்களும்

பழங்குடிகளான கோய் மக்கள் இதனை ‘ஹோரிக்வாகோ’, அதாவது கடலில் உள்ள மலை என்றார்கள். 1503-இல் போர்த்துக்கீசியர் அந்தோனியோ டி சல்தானா பிளாட்டெகிளிப் பள்ளத்தாக்கின் வழியாக ஏறினார். ஐரோப்பியர் ஒருவர் ஏறியதாகப் பதிவாகியுள்ள முதல் ஏற்றம் அதுவே.

1652-இல் டச்சுக் கம்பெனியார் குடியேறிய பின்னர் இம்மலையில் தினமும் நடந்தவர்கள் அடிமைகள். சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்களுள் இருந்தனர். ஏடுகளில் அவர்களது சொந்தப் பெயர் மறைந்து, ‘ஃபான் கோரமண்டல்’ என்ற ஊர்ப் பெயரே பலருக்கு மிஞ்சிற்று. ஆண்கள் மலையிலிருந்து விறகு சுமந்தார்கள்; பெண்கள் பிளாட்டெகிளிப் ஓடையில் எஜமானர் வீட்டுத் துணிகளை வெளுத்தார்கள். தப்பி ஓடியவர்களுக்கு மலையே ஒளிவிடமாயிற்று. 1860-இல் ‘டிரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்லும் பெரியவர்கள், அவர்களுக்கும் முன்னே கேப்பில் விறகு சுமந்த இவர்களையும் சொல்லவேண்டும்.

இன்று இம்மலை தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது. 1998-இல் கேப் தீபகற்பப் பூங்காவாகத் தொடங்கி, 2004-இல் மேசை மலைப் பெயரைப் பெற்றது. ‘ஃபின்போஸ்’ என்னும் புதர்ச்செடிக் காடு இதன் தனிச்சிறப்பு. உலகில் வேறெங்கும் இல்லாத ஒருவகைத் தவளை இம்மலை ஓடைகளில் வாழ்கிறது. பாறைகளில் வெயில் காயும் ‘டாசி’, பார்க்க முயலளவே இருந்தாலும் யானைக்கு உறவான பிராணி. 1936-இல் அங்கிருந்த மிருகக்காட்சி சாலையிலிருந்து தப்பிய இமயமலைத் தார் ஆடுகள் மலையிலேயே பெருகியதும் உண்டு. அவை செடிகளை அழித்ததால் பின்னர் பெரும்பாலும் ஒழிக்கப்பட்டன.

ஏறும் வழிகள்

எல்லோரும் நாடுவது பிளாட்டெகிளிப் வழி. பாதை தெளிவானது, தவற வாய்ப்புக் குறைவு. ஆனால் கற்படிகள் செங்குத்தாக 600 மீட்டருக்கு மேல் உயர்கின்றன. பழனியின் 693 படிகளை மூச்சு வாங்காமல் ஏறியவர்கள்கூட, அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் என்று கணக்கிட்டுக் கொள்வது நலம். நிழல் மிகக் குறைவு. சாதாரண மனிதருக்கு இரண்டு முதல் மூன்று மணி நேரம் பிடிக்கும்.

கிர்ஸ்டன்போஷ் தாவரத் தோட்டத்திலிருந்து ஸ்கெலிட்டன் பள்ளத்தாக்கு வழியாக ஏறுவது நிழலானது. முன்னாள் பிரதமர் ஜெனரல் ஸ்மட்ஸ் எழுபது வயதிலும் இவ்வழியே ஏறியவர். ஆயினும் மர ஏணிகளும் வழுக்கும் பாறைகளும் உள்ளன; ஏறலாம், இறங்குவது உசிதமல்ல. ‘இந்தியா வென்ஸ்டர்’ என்ற பெயரில் மயங்கி நம்மவர் சிலர் அவ்வழியைக் கேட்பதுண்டு. அங்கே கைகளால் பாறையைப் பற்றி ஏறவேண்டும். பழக்கமில்லாதவர்களுக்கு அது ஏற்றதல்ல.

வயதானவர்களுக்குக் கான்ஸ்டன்ஷியா நெக்கிலிருந்து நீர்த்தேக்கங்களை நோக்கிச் செல்லும் வண்டிப் பாதை நல்லது. தூரம் அதிகம், ஏற்றம் மெதுவானது. குளோஃப் நெக்கிலிருந்து மலையின் இடுப்பைச் சுற்றிச் செல்லும் ‘பைப் டிராக்’ பெரும்பாலும் சமமானது. திரும்ப நினைத்தபோது திரும்பிவிடலாம்.

யார் ஏறலாம்?

மாரடைப்பும் சர்க்கரை நோயும் இந்திய வம்சாவளியினரை மற்றவரைவிட இளம் வயதிலேயே தாக்குகின்றன. நாற்பது வயதைக் கடந்து, பல ஆண்டுகளாக நாற்காலியிலேயே வேலை செய்தவர் விடுமுறையின் முதல் நாளிலேயே மலை ஏறலாகாது. ஆறு முதல் எட்டு வாரம் தினமும் நடந்து, படி ஏறிப் பழகவேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை, இருதய நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஏறும்போது சர்க்கரை திடீரெனக் குறையலாம். வியர்வையும் நடுக்கமும் களைப்பினால்தான் என்று எண்ணி ஏமாறக்கூடாது. சட்டைப் பையில் குளுக்கோஸ் அல்லது கற்கண்டு இருக்கட்டும். மார்பில் இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ வலி தோன்றினால் உடனே உட்கார்ந்து உதவி தேடவேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறல் மட்டும் வரலாம் என்பதைக் கூட வருபவர்களும் அறிந்திருக்கவேண்டும்.

விரத நாளில் மலை ஏற்றம் வேண்டாம். தைப்பூசக் காவடி விரத நாட்கள் தென்னாப்பிரிக்காவில் கடுங்கோடை. வெறும் வயிற்றுடன் வெயிலில் ஏறுவது பக்தியுமாகாது, ஆரோக்கியமுமாகாது.

முழங்கால் தேய்மானம் உள்ளவர்களைத் துன்புறுத்துவது ஏற்றமல்ல, இறக்கம். ஒவ்வொரு படியிலும் உடல் எடை முழங்காலில் விழுகிறது. ஊன்றுகோல் உதவும். 1929 முதல் ஓடும் கேபிள் காரில் இறங்கலாம் என்று நம்பி ஏறுபவர்கள் ஒன்றை மறக்கின்றனர்: காற்று பலமானால் அது நிறுத்தப்படும். இறங்கும் சக்தி காலில் மீதமில்லாமல் உச்சிக்குப் போகலாகாது.

மேகமும் காற்றும்

கோடையில் தென்கிழக்குக் காற்று கடல் ஈரத்தை மலைமீது தள்ளும்போது, குளிர்ந்த காற்று மேகமாகி உச்சியில் வெள்ளைத் துணிபோல விரிகிறது. கீழிருந்து காண மிக அழகு. உள்ளே அகப்பட்டவருக்கோ பத்தடிக்கு அப்பால் பாதை தெரியாது. கீழே உஷ்ணம் வாட்டும்போதே மேலே ஈரமும் காற்றும் சேர்ந்து உடல் சூட்டைப் பறித்துவிடும். மேகத்தில் வழி தவறி, தெரியாத பள்ளத்தாக்கில் “குறுக்கே இறங்கிவிடலாம்” என்று முயல்வது செங்குத்துப் பாறை விளிம்பில் கொண்டுவிடும். பாதை தெரியாவிட்டால் நின்ற இடத்திலேயே, கம்பளி உடுத்தி, உதவிக்கு அழைத்துக் காத்திருப்பதே உயிர் காக்கும்.

நெருப்பும் ஓர் அபாயம். 2021 ஏப்ரலில் மலைச் சரிவில் பற்றிய தீ கேப் டவுன் பல்கலைக்கழக நூலகத்தையே எரித்தது. கற்பூரமோ ஊதுவத்தியோ மலையில் ஏற்றலாகாது. ஆளரவமற்ற பாதைகளில் வழிப்பறியும் நடந்திருக்கிறது. நகைகளை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லவேண்டும்.

நால்வராகச் செல்வது உத்தமம். ஒருவர் காயப்பட்டால் ஒருவர் துணையிருக்க, இருவர் உதவிக்குப் போகலாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, காற்று புகாத மேலாடை, பிடிமானமுள்ள காலணி, சார்ஜ் நிறைந்த கைபேசி இவை கட்டாயம். எவ்வழியே சென்று எப்போது திரும்புவது என்பதை வீட்டாரிடம் சொல்லிவிட்டு, அதிகாலையில் கிளம்பவேண்டும். திரும்பும் நேரத்தையும் கீழே நிற்கும்போதே நிச்சயித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரம் வந்ததும், உச்சி இன்னும் கால் மணி தூரம்தான் என்றாலும், குழுவில் மிகவும் களைத்தவரை முன்னே விட்டு எல்லோரும் சேர்ந்து இறங்கவேண்டும்.