பத்துக்குப் பத்து அறையில் ஒரு மரமீன்



திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமைகளிலிருந்து மும்பைக்கு வந்த நம் குடும்பங்களில் தூண்டிலின்மேலுள்ள ஆசை மூன்றாம் தலைமுறையிலும் அற்றுப்போகவில்லை. குளத்து விராலுக்குத் தவளை கோர்த்த பாட்டனாரின் பேரன், இன்று கடற்பாறையில் நின்று கொடுவாவுக்கு மரமீனை எறிகிறான். கடையில் ‘லூர்’ என்று கேட்டால் தருகிற, மீன் வடிவில் செய்து வண்ணம் தீட்டிய பொய்யிரையைத்தான் சொல்லுகிறேன். வெளிநாட்டுச் சரக்கானால் ஒன்று பல நூறு ரூபாய். பாறையிடுக்கில் ஒரு முறை சிக்கினால் பணம் தண்ணீரோடு போயிற்று. ஆகவே வாலிபர் சிலர் அதை வீட்டிலேயே செய்துகொள்ள விரும்புகிறார்கள்.

நல்ல காரியம். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு ஒரு மரத்துண்டைக் கையிலெடுக்கிற பிள்ளையை எந்தத் தகப்பன் தடுப்பான்? ஆனால் இவ்வேலைக்குச் சொல்லப்படும் முறைகளில் பெரும்பாலானவை தனிக் கொட்டகை உடையவர்களுக்கானவை. தாராவியில் அடுப்பும் தொட்டிலும் படுக்கையும் ஒரே அறையில் இருக்கிற நாம் அவற்றை அப்படியே கைக்கொள்ள முடியாது.

இந்தத் தொழில் பெயர்பெற்றதும் ஓர் ஏழை வீட்டிலிருந்துதான். பின்லாந்து தேசத்தில் லவுரி ரப்பாலா (1905–1974) என்னும் மீனவர் இருந்தார். கூட்டத்தில் சற்றுத் தள்ளாடி நீந்துகிற சிறு மீனையே பெருமீன் பாய்ந்து பிடிப்பதை அவர் ஏரியில் கவனித்தார். 1936-ஆம் ஆண்டு தக்கையைச் செருப்புத் தைப்பவரின் கத்தியால் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, சாக்லேட் சுற்றிவந்த வெள்ளித்தாளை அதன்மேல் ஒட்டினார். நீர் புகாதபடி புகைப்படச் சுருளை உருக்கிப் பூசினார். பின்னாளில் பிள்ளைகளும் உடன் உழைத்தார்கள். 1962 ஆகஸ்டில் அமெரிக்காவின் ‘லைஃப்’ இதழ் அந்த மரமீனைக் குறித்து எழுதிற்று. மர்லின் மன்றோவின் மரணத்தையொட்டி வந்த இதழ் அது, வாங்கியவர் கணக்கற்றோர். அதன்பின் ஆர்டர்கள் வந்து குவிந்தன.

மரத்துக்கு அதிகம் அலைய வேண்டாம். பால்சா கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கலியாண முருங்கை போன்ற இலேசான மரம் போதும். பெட்டி அடிக்கும் பைன் பலகையிலும் செய்யலாம், சற்றுக் கனக்கும். தேக்கு வேண்டாம். மூக்கின்கீழ் வைக்கும் உதட்டுக்குப் பழைய சி.டி. தட்டு உதவும், அது பாலிகார்பனேட்டால் ஆனது, 1.2 மில்லிமீட்டர் கனம். உதடு உடலோடு ஒரே நேர்கோட்டில் நீண்டிருந்தால் மரமீன் ஆழத்தில் மூழ்கும். கீழ்நோக்கிச் செங்குத்தாக நின்றால் மேல்மட்டத்திலேயே ஓடும். மூக்கிலிருந்து வால்வரை ஒரே துருவேறாக் கம்பி செல்லட்டும். மரம் பிளந்தாலும் மீன் கம்பியில் நிற்கும். வயிற்றில் ஒரு பள்ளம் கீறி, கம்பியையும் எடையையும் அதில் வைத்து அரால்டைட் நிரப்பி மூடிவிடுங்கள்.

அந்த எடையைக் குறித்தே நான் முக்கியமாக எழுத விரும்புகிறேன். வழக்கத்தில் அது காரீயம். பழைய பாட்டரித் தகடு, டயருக்கு அடிக்கும் எடைக்கட்டி ஆகியவற்றை அடுப்பில் உருக்கி வார்ப்பார்கள். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சமையலறை அடுப்பே போதும். ஆபத்தும் அதிலேதான் இருக்கிறது. உருகிய காரீயத்தின்மேல் படியும் சாம்பல்நிற ஆடையை வழித்தெடுக்கும்போது நுண்ணிய தூள் பறக்கும். அது தரையில் படியும்; தவழுகிற பிள்ளை கையால் தொட்டு வாயில் வைக்கும். உட்கொண்ட காரீயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாய்ப் பிள்ளைகளின் சரீரம் ஏற்றுக்கொள்ளுகிறது என்றும், பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் அறியப்படவில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது மூளையின் வளர்ச்சியைக் கெடுக்கும், கெட்டது திரும்புவதில்லை. யுனிசெஃப்பும் ‘பியூர் எர்த்’ என்ற அமைப்பும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருடைய இரத்தத்தில் இந்த நஞ்சு கவலைக்குரிய அளவில் இருப்பதாகத் தெரிவித்தது. தாய்மார்களே, வீட்டு அடுப்பில் எவரும் காரீயம் உருக்க இடங்கொடாதேயுங்கள். மகன் கோபித்தாலும் பரவாயில்லை.

அதற்குப் பதில் என்ன? சைக்கிள் கடைக்குப் போங்கள். பின்சக்கரத்தில் போடும் கால் அங்குல எஃகுக் குண்டு ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கிராம். எஃகின் அடர்த்தி 7.8, காரீயத்தினுடையது 11.3. ஆகவே அதே எடைக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடம் வேண்டும். பள்ளத்தைச் சற்று நீளமாகக் கீறினால் தீர்ந்தது. எத்தனை குண்டு என்பதைக் கணக்கிட்டு அறிவதைக்காட்டிலும் வாளித் தண்ணீரில் அறிவது எளிது. முள்களையும் உதட்டையும் தற்காலிகமாய் மாட்டி, குண்டுகளை டேப்பால் வயிற்றில் ஒட்டி மிதக்கவிடுங்கள். முதுகு மேலாக நேராய் நிற்கும்வரை கூட்டிக் குறையுங்கள். பின்னால் ஏறும் பூச்சுக்கும் எடை உண்டு. அதற்கு இடம் விடுங்கள்.

இனி நீர் புகாமல் காப்பது. நோவாவின் பேழைக்கு வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் கீல் பூசப்பட்டதை வாசித்திருக்கிறீர்கள். வீட்டில் செய்யும் மரமீன்களில் பெரும்பாலானவை கெடுவது வெளிப்பூச்சின் குறைவினால் அல்ல. உதடு நுழையும் கீறல், கம்பி வெளிவரும் துவாரம் ஆகியவற்றின் உட்சுவரில் பூச்சு இராது. தண்ணீர் அங்கே நுழையும், மரம் ஊதும், மேலே எவ்வளவு அழகாகத் தீட்டியிருந்தாலும் வண்ணம் வெடிக்கும். ஆகையால் உதட்டையும் கம்பியையும் பொருத்துவதற்கு முன்னமே துவாரங்களுக்குள் பூச்சை இறக்குங்கள். தச்சர்கள் பயன்படுத்தும் அரக்குப் பாலிஷே இதற்குப் போதும். நீர்க்கப் பூசி, காயவிட்டு, நைந்த உப்புத்தாளால் தேய்த்து, மறுபடியும் பூசுங்கள். மூன்று நான்கு முறை ஆகும்.

பெயின்ட் கடையில் ‘என்.சி. சீலர்’ என்று ஒன்றைக் காட்டுவார்கள். அது நைட்ரோசெல்லுலோஸ். பழைய காலத்துப் புகைப்படச் சுருள்களில் பலவும் அதனாலேயே ஆனவை; எனவே ரப்பாலாவின் கைமருந்துக்கு அது உறவுதான். விரைவில் காயும், வழவழப்பாய் இருக்கும். ஆனாலும் அதுவும் அதில் கலக்கும் தின்னரும் தீயை இழுத்துக்கொள்ளும் பொருள்கள். அடுப்பு எரிகிற அறையில் மூடியைத் திறக்கவும் கூடாது. அரக்கைக் கரைக்கும் ஸ்பிரிட்டும் எரியக்கூடியதே. எதுவானாலும் மாடியிலோ வெட்டவெளியிலோ பூசுங்கள்.

வண்ணத்தைப்பற்றி அதிகம் சொல்லமாட்டேன். அது அவரவர் ரசனை. முதலில் வெள்ளை அடிப்பூச்சு. பிறகு மெய்யான மீனைப்போல் முதுகு கருமை, வயிறு வெண்மை. பழைய கொசுவலைத் துண்டை இழுத்துக் கட்டி அதன்மேல் வண்ணம் தெளித்தால் செதில் விழும். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமே வீட்டுக்கு ஏற்றது. வீட்டுப் பெயின்டில் காரீயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாதென்று 2016-இல் இந்திய அரசு விதித்தது. 2017 நவம்பர் முதல் அது நடைமுறையில் உள்ளது. தொழிற்சாலைப் பெயின்ட்டுகளுக்கு அந்த விதி பொருந்தாது. ஆகவே பட்டறையில் மீந்த டப்பாவையும், பரணிலுள்ள பழைய டப்பாவையும் தொடவேண்டாம்.

மேல்பூச்சுக்கு, ரெசின் ஓவியத்துக்கென்று விற்கும் தெளிந்த எபாக்சி நல்லது. கையுறை அணிந்து, இரண்டு பாகங்களையும் டப்பாவில் சொன்ன அளவில் சரியாகக் கலந்து, மெல்லியதாய்ப் பூசுங்கள். வழிந்து வயிற்றில் திரளாதபடி, இறுகும்வரை சில நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பவேண்டும். பொறுமையற்றவன் இங்கே தோற்பான்.

மும்பை மழையை மறந்துவிடாதேயுங்கள். ஜூன் முதல் செப்டம்பர்வரை காற்றிலுள்ள ஈரத்தினால் அரக்கு வெளுத்துப்போகும். எபாக்சியின்மேல் பிசுபிசுத்த படலம் படரும். அந்த மாதங்களில் செதுக்குவதையும் தேய்ப்பதையும் முடித்து, மரத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் உலரவைத்திருங்கள். பூச்சு வேலை தீபாவளியை ஒட்டி நடக்கட்டும்.

வாளியில் மிதக்கும் நிலை தெரியுமேயன்றி நீந்தும் நிலை தெரியாது. அதற்கு நீர்நிலைக்குத்தான் போகவேண்டும். உங்களை நோக்கி இழுக்கும்போது மரமீன் இடப்பக்கம் ஒதுங்கினால், நரம்பு கட்டும் மூக்கு வளையத்தை மயிரிழை வலப்பக்கம் வளையுங்கள். வலப்பக்கம் ஒதுங்கினால் இடப்பக்கம். சிறிது வளைத்து ஒருமுறை எறிந்து பார்த்து, பின்பு மறுபடியும் வளையுங்கள். மூன்று முனை முள்களை வீடு திரும்புமுன் கழற்றி மூடியுள்ள டப்பாவில் போட்டுவிடுங்கள். லோக்கல் ரயிலில் அடுத்தவர் சட்டையில் அவை மாட்டினால் தாதர் வரும்வரை சண்டை ஓயாது.