எழுச்சி கேட்ட இரண்டு கேள்விகள்

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் டீ குடிக்கும்போது எங்கள் தெருத் தம்பி கேட்டான்: "ஏண்ணா, சீனாக்காரனுக்கு இருக்கிற நாட்டுப்பற்று நமக்கு ஏன் இல்ல?" அவன் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு மாதமாக வாடகை வீடு தேடுகிறான். ஊரைக் கேட்டு, தெருவையும் கேட்டபிறகு, "வேற ஆளுக்குச் சொல்லிட்டோம் தம்பி" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன் என்பதால் என்னிடம் கேட்டான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன் தோழர்களே.

சீன தேசியம் மக்கள் எழுச்சியில் வளர்ந்ததுதான். ஷான்டோங்கில் ஜெர்மனிக்கு இருந்த உரிமைகளை பாரிஸ் மாநாடு ஜப்பானுக்குக் கொடுத்தபோது, 1919 மே 4 அன்று சுமார் 3,000 மாணவர்கள் தியனன்மென்னில் திரண்டார்கள். ஜூனில் ஷாங்காய்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. ஆனால் அந்தத் தலைமுறை அந்நியனை மட்டும் எதிர்க்கவில்லை. அரசனுக்குக் குடியும், தந்தைக்கு மகனும், கணவனுக்கு மனைவியும் அடங்க வேண்டும் என்ற கன்பூசிய ஒழுங்கையும் கேள்வி கேட்டது.

1989இல் அதே சதுக்கத்தில் மாணவர்கள் சொந்த ஆட்சியை நோக்கிக் கேட்டார்கள். ராணுவம் சுட்டது. 1994இல் தேசபக்திக் கல்வி வந்தது. அந்நியர் செய்த அவமானம் பாடமானது. சொந்த ராணுவம் சுட்டது பாடமாகவில்லை. வெளியே நீளும் கேள்வியை அரசு வளர்த்தது, உள்ளே திரும்பும் கேள்வியைப் புதைத்தது.

நம் கதை மட்டும் வேறா? இந்தி எதிர்ப்புப் போரில் சிறை சென்று 1939 ஜனவரி 15 அன்று உயிர்விட்ட நடராசன் ஒரு தலித் இளைஞர். 1965 எழுச்சி, 1967இல் ஆட்சியையே மாற்றியது. மறு ஆண்டு டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். எரித்தவர்களும் தமிழர்களே. போச்சம்பள்ளி 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. அந்தத் தருமபுரியில் 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. சாக்கு, ஒரு சாதி மறுப்புத் திருமணம்.

மொழிப்போர் தவறென்று நான் சொல்லவில்லை. அது நம்முடைய போர், நடராசனின் போர். டெல்லியைக் கேட்ட கேள்வியை ஊரையும் சேரியையும் பிரிக்கும் கோட்டின்மேல் நின்று கேட்காமல் விட்டதுதான் தவறு.

ஜனவரி 25 அன்று மொழிப்போர் ஈகியருக்கு மாலை போடுகிறோம். நடராசன் இன்று போச்சம்பள்ளியில் வீடு தேடினால் கிடைக்குமா? அதற்குப் பதில் சொல்லிவிட்டு என் தம்பியிடம் நாட்டுப்பற்றைக் கேளுங்கள்.