மருந்தைச் சோதித்த பிறகே மாட்டுக்கு ஊசி

மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறு கழுகுகளைக் காக்க, முதுமலையையும் சத்தியமங்கலத்தையும் காப்பகங்களாக வைத்திருப்பது மட்டும் போதாது. ஆற்றோர நீர்மத்தி மரங்களில் கூடு கட்டி, ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடும் வெண்முதுகுப் பாறு, இரை தேடிக் காப்பக எல்லைகளைத் தாண்டி வெகுதூரம் பறக்கிறது. நோயுற்ற மாட்டுக்கு எங்கோ ஒரு தொழுவத்தில் எந்த ஊசி போட்டார்கள் என்பதுதான் அதன் உயிரைத் தீர்மானிக்கிறது. பாறுகளுக்குத் தீங்கு செய்யாது என்று முன்கூட்டியே சோதித்து நிரூபிக்கப்படாத எந்த வலிநிவாரணிக்கும் கால்நடை மருத்துவத்தில் அனுமதி தரக் கூடாது. மத்திய அரசு இதைச் சட்டமாக்க வேண்டும்.

இதுவரை நடந்தது இதற்கு நேர்மாறானது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. மாடுகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணிதான் காரணம் என்பது பாகிஸ்தானில் நடந்த ஆய்வின் வழியே 2004-இல் வெளிவந்தது. மருந்து தங்கிய சடலத்தைத் தின்ற பறவை, சிறுநீரகம் செயலிழந்து சில நாட்களில் இறந்துவிடும். 2006-இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த கீட்டோபுரோஃபெனும் பாறுகளைக் கொல்கிறது என்று அறிவியலாளர்கள் எச்சரித்துப் பத்தாண்டுக்கு மேல் கழிந்த பின், 2023-இல்தான் அதற்கும் அசிக்ளோஃபினாக்குக்கும் தடை வந்தது. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போய் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும் மருந்து. அதற்கே இவ்வளவு காலம்! நிமெசுலைடுக்கு 2024 டிசம்பர் வரை ஆனது. ஒவ்வொரு முறையும் பறவை செத்துச் சாட்சி சொன்ன பிறகே கோப்பு நகர்ந்திருக்கிறது. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் நஞ்சு இருந்தாலே இந்தப் பேரழிவுக்குப் போதும் என்று கணித ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்படியிருக்க, மருந்துகளை ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடிக்கும் முறை ஒருபோதும் வெல்லாது.

மாடு வலியில் துடிக்கும்போது பறவையைப் பற்றி யோசிக்க முடியுமா என்று கால்நடை வளர்ப்போர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மடிநோயால் பால் வற்றினால் அந்த வீட்டின் வருமானமே போய்விடும். ஆனால் மெலாக்சிகம் என்ற வலிநிவாரணி பாறுகளுக்குத் தீங்கற்றது என்பது 2006-லேயே உறுதியாகிவிட்டது. டோல்ஃபெனமிக் அமிலமும் தீங்கற்றதே என்று பின்னர் தெரியவந்தது. ஆகவே யாரும் மாட்டின் வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. பாதுகாப்பான மருந்து கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். அதை உறுதிசெய்வது அரசின் கடமை. மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் ஊசிமருந்து பெரிய குப்பிகளில் விற்பனையாகி மாடுகளுக்குப் போனதால், 2015-இல் குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. நல்ல முடிவு. ஆனாலும் மருந்துச் சீட்டில்லாத விற்பனையைத் தடுக்காவிட்டால், சிறு குப்பிகள் நான்கைந்தை வாங்குவது யாருக்கும் கடினமில்லை.

பிணம் தின்னும் பறவைக்காக இவ்வளவு கெடுபிடி எதற்கு என்போரும் உண்டு. பாறுகள் மறைந்ததால் அழுகும் சடலங்களும் தெருநாய்களும் பெருகின. இதனால் 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கக்கூடும் என்று 2024-இல் வெளிவந்த பொருளியல் ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. மதிப்பீட்டில் கூடுதல் குறைவு இருக்கலாம். பாதி என்று வைத்தாலும் அது அஞ்ச வேண்டிய எண்ணிக்கையே. மருந்தோடு இன்னொரு நஞ்சும் இருக்கிறது. புலி அடித்த மாட்டின் உடலில் சிலர் ஆத்திரத்தில் பூச்சிமருந்தைத் தடவுகிறார்கள். அதைத் தின்னும் பாறுகளும் கூட்டமாக மடிகின்றன. அவர்கள்மீது வழக்குப் போடுவதோடு வனத்துறையின் வேலை முடிந்துவிடாது. மாட்டை இழந்தவருக்குரிய இழப்பீடு மாதக்கணக்கில் இழுபடாமல் சில நாட்களுக்குள் கைக்கு வர வேண்டும். நீலகிரி, ஈரோடு மாவட்ட நிர்வாகங்கள் இதை இந்த ஆண்டே தொடங்க முடியும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.